தளையும் இடைவெளியும்: ஒளிப்படக் கலையில் வடிவ ஒழுங்கும் லயமும்

இன்றுவரை எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒளிப்பட நெகட்டிவ், அதாவது ஒளியும் இருளும் தம்முள் இடம் மாறிப் பதிந்திருக்கும் மூலப்படிவம், ஒரு சன்னலின் உருவத்தைத் தாங்கியிருக்கிறது. இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் லேக்காக் ஆபி என்னும் தம் இல்லத்தில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1835 ஆகஸ்டு மாதத்தில் எடுத்த அந்தப் படம் ஒரு தபால்தலையின் அளவை ஒட்டியது. ஆயினும், எடுத்த புதிதில் உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணைகொண்டு பார்த்தால் சன்னலின் கண்ணாடிச் சில்லுகள் ஏறத்தாழ 200ஐயும் எண்ணிவிட முடிந்தது என்று அவர் அதன் அருகே குறித்து வைத்தார். வேதிப்பொருள் பூசிய தாளில் பிடிபட்ட முதற்காட்சிகளுள் ஒன்று, ஒரே வடிவம் மீண்டும் மீண்டும் வரும் காட்சியாக இருந்தது. அதைக் கண்டவர் உடனே எண்ணத் தொடங்கினார். அந்த எண்ணிக்கையை லயமாக மாற்றுவது எது என்பதே இச்சொற்பொழிவின் கேள்வி.

சொற்களின் எல்லை

விவாதத்திற்கு இரண்டு சொற்களை வரையறுத்துக்கொள்வது அவசியம். ஒரே உருவமோ, கோடோ, நிறமோ, ஒளியும் நிழலும் சேர்ந்த ஒரு தொகுதியோ ஒரு பரப்பில் திரும்பத் திரும்ப இடம்பெறுவதை ‘வடிவ ஒழுங்கு’ எனலாம். ஓடு வேய்ந்த கூரை, கோரைப்பாய், கட்டம் போட்ட கைலி, பாத்தி பிரித்த உப்பளம், மாடிக் குடியிருப்பின் சன்னல் வரிசை ஆகிய யாவும் இதில் அடங்கும். அத்தகைய திரும்புதல்களுக்கு இடையே பார்வை நின்றும் நகர்ந்தும், விரைந்தும் தயங்கியும் செல்லும் நடையை ‘லயம்’ எனலாம். வடிவ ஒழுங்கு பொருள்களிடத்தில் இருப்பது. லயம் பார்ப்பவரின் கண்ணில் நிகழ்வது. முன்னது பெரும்பாலும் உலகில் ஏற்கெனவே கிடைப்பது. பின்னதை ஒளிப்படக்காரர் தாம் நிற்கும் இடத்தாலும், சட்டகத்தின் ஓரங்களாலும், ஒளியாலும், ஷட்டரை அழுத்தும் கணத்தாலும் ஆக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சிதறிக் கிடப்பவற்றைத் தொகுத்துப் பார்ப்பது மனித மனத்தின் இயல்பு. ஒன்றையொன்று ஒத்திருப்பவற்றையும் அருகருகே இருப்பவற்றையும் மனம் தானாகவே ஒரு குழுவாகக் கொள்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923-இல் வெளியிட்ட ஆய்வுரையில் வெறும் புள்ளிகளையும் கோடுகளையும் கொண்டே விளக்கினார். புள்ளிகளின் வடிவத்தைச் சற்றும் மாற்றாமல், அவற்றுக்கு இடையிலான தொலைவை மட்டும் மாற்றினாலே அவை வேறு வேறு குழுக்களாகத் தோன்றும் என்பது அவர் காட்டியவற்றுள் ஒளிப்படக் கலைக்கு மிக நெருக்கமானது. பொருளை மாற்ற இயலாத கலைஞர் எதை மாற்றலாம் என்பதற்கான விடை அதிலேயே இருக்கிறது.

யாப்பும் தாளமும்

இந்த விடையைத் தமிழ் யாப்பியல் வேறொரு துறையில் நெடுங்காலத்துக்கு முன்பே வகுத்து வைத்திருக்கிறது. எழுத்து அசையாகவும், அசை சீராகவும், சீர் அடியாகவும் வளரும் அந்த அமைப்பில், சீருக்கும் அடிக்கும் நடுவே ‘தளை’ என்றோர் உறுப்பு உண்டு. நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் ஒன்றுவதையோ ஒன்றாமையையோ குறிக்கும் தளைக்கென்று தனியாக ஓர் எழுத்துக்கூடக் கிடையாது; அது இரண்டு சீர்கள் சந்திக்கும் இடத்தின் பெயர் மட்டுமே. ஆனால் வெண்பாவின் செப்பலோசையும், ஆசிரியப்பாவின் அகவலோசையும், கலிப்பாவின் துள்ளலோசையும், வஞ்சிப்பாவின் தூங்கலோசையும் பிரிவது பெரும்பாலும் அந்தச் சந்திப்பில்தான். சொற்கள் கட்டுமானப் பொருள்கள் என்றால், ஓசை அவற்றின் இணைப்பில் பிறக்கிறது.

இசையிலும் இதே உண்மை கைகளால் காட்டப்படுகிறது. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை எண்ணும்போது, முதலில் ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும், அடுத்து ஒரு தட்டும் ஒரு வீச்சும், மறுபடியும் ஒரு தட்டும் ஒரு வீச்சும் வருகின்றன. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் வீச்சில் ஓசையே எழுவதில்லை. எனினும் அதைக் கணக்கில் கொள்ளாதவருக்குத் தாளம் தப்பிவிடுகிறது. ஒளிப்படத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவிலுள்ள இருள், இரண்டு ஆட்களுக்கு நடுவிலுள்ள வெற்றுச் சுவர், இரண்டு அலைகளுக்கு நடுவிலுள்ள ஈரமணல் ஆகியவை இத்தகைய வீச்சுகள். திரும்ப வரும் பொருளைப் பார்க்கப் பழகியவர் வடிவ ஒழுங்கைப் படமெடுக்கிறார். அவற்றின் இடைவெளியைப் பார்க்கப் பழகியவரே லயத்தைப் படமெடுக்கிறார்.

நிற்கும் இடம்

தமிழகக் கோயில் மண்டபங்கள் இந்த உண்மைக்கு மிகப் பழைய ஒளிப்படச் சான்றுகளைத் தந்துள்ளன. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858-இன் தொடக்கத்தில் மதுரைக்கு வந்து, திருமலை நாயக்கர் அரண்மனையையும் அவர் எழுப்பிய புது மண்டபத்தையும் மெழுகூட்டிய தாள் நெகட்டிவ்களில் பதிவு செய்தார். அவ்வகைத் தாள் ஒளியை மிக மெதுவாகவே ஏற்குமாதலால், லென்ஸ் நீண்ட நேரம் திறந்தே இருக்க வேண்டியிருந்தது. அதனிடையே நடந்து சென்ற எவருடைய உருவமும் பதியாது. கூட்டம் நிறைந்த ஓர் ஊரின் நடுவிலிருந்த மண்டபம் படத்தில் ஆளரவமற்றுத் தோன்றுவதும், தூண்களும் அவற்றின் இடைவெளிகளும் மட்டுமே காட்சியை ஆள்வதும் இக்காரணத்தால்தான். புது மண்டபத்தின் தென்புற நடைவழியைக் காட்டும் அவருடைய படத்தில், செதுக்கிய தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே உள்வாங்கிச் செல்கின்றன. நேரில் சம தொலைவில் நிற்கும் தூண்கள் படத்தில் சமமாக நிற்பதில்லை.

இந்தச் சிறுத்தலுக்குத் திட்டமான கணக்கு உண்டு. படத்தில் ஒரு பொருளின் அளவு அதன் தொலைவுக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. மூன்று மீட்டர் இடைவெளியில் நிறுத்தப்பட்ட ஒரே உயரமுள்ள தூண்களை, முதல் தூணுக்கு மூன்று மீட்டர் முன்னால் நின்று எடுத்தால், இரண்டாம் தூண் முதல் தூணில் பாதியாகவும், மூன்றாவது மூன்றில் ஒரு பங்காகவும், நான்காவது நான்கில் ஒரு பங்காகவும் பதியும். வீணைத் தந்தியைப் பாதியாகக் குறைத்தால் மேல் ஸட்ஜமும், மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் அதற்கு மேலுள்ள பஞ்சமமும் பிறப்பது இதே 1, 1/2, 1/3 என்னும் வரிசையில்தான் என்பது, பிராகாரத்தில் நிற்கும் கண் அடையும் நிறைவையும் தந்தி கேட்கும் செவி அடையும் நிறைவையும் சேர்த்து எண்ணத் தூண்டுகிறது. அதே தூண் வரிசையை முதல் தூணுக்கு முப்பது மீட்டர் முன்னால் நின்று எடுத்தாலோ, இரண்டாவது தூண் முதலாவதில் 0.91 பங்காகவும், மூன்றாவது 0.83 பங்காகவும், நான்காவது 0.77 பங்காகவும் பதியும். முன்னதில் பார்வை பாய்ந்தோடுகிறது. பின்னதில் அது நிதானமாக அடி வைத்து நடக்கிறது.

தொலைநோக்கு லென்ஸ், அதாவது டெலி லென்ஸ், காட்சியை நெருக்கிவிடுகிறது என்று பலரும் சொல்வதுண்டு. உண்மையில் நெருக்குவது தொலைவு. லென்ஸ் அந்தத் தொலைவிலிருந்து தெரிவதில் ஒரு பகுதியைப் பெரிதாக்கித் தருகிறது, அவ்வளவே. ஆகவே ராமேசுவரத்தின் நீண்ட பிராகாரத்தில் கேமராவுடன் நிற்பவருக்கு முதல் முடிவு லென்ஸைப் பற்றியதாக இராமல், காலைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தால் தூண்களுக்கு நடுவே தெரிந்த வெளிச்சம் மறைந்து, வரிசை ஒரு கெட்டிச் சுவராகிவிடும். மறுபடியும் ஓர் அடி எடுத்து வைத்தால் வெளிச்சக் கீற்றுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளும். தூண்கள் அசைவதில்லை, தளை மாறுகிறது.

தளை என்ற சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே காட்டும் ஒரு படைப்பும் டிரைப்பிடம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் பதிவு செய்வதற்காக அவர் கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த 21 படங்கள் ஒட்டப்பட்டு, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாயின. கல்லில் இடைவிடாமல் ஓடும் எழுத்து வரிகள், படத்தில் ஒட்டு விழும் ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை மூச்சு வாங்குகின்றன. ஒரு படத்தின் ஈறு அடுத்த படத்தின் முதலோடு ஒன்றினால்தான் அந்தச் சுருள் கல்வெட்டாகும். ஒன்றாவிட்டால் அது 21 துண்டுகள்.

சட்டகத்தின் ஓரம்

இடைவெளிக்கு அடுத்தபடியாக லயத்தை முடிவு செய்வது ஓரம். ஒரு வடிவ ஒழுங்கு படத்தின் நான்கு ஓரங்களிலும் வெட்டுப்பட்டு நின்றால், அது சட்டகத்துக்கு அப்பாலும் முடிவின்றித் தொடர்வதாகப் பார்ப்பவர் எடுத்துக்கொள்கிறார். பத்துச் செங்கற்கள் படத்தில் இருந்தாலும் மனம் ஒரு மதிலையே கட்டிவிடுகிறது. மாறாக, ஒழுங்கின் முடிவு ஓரிடத்தில் தெரிந்துவிட்டால், அது எல்லையுள்ள ஒரு பொருளாகிவிடுகிறது. ஓரத்தை நெருக்கி ஒழுங்கைப் பெருக்கிக் காட்டுவது பயிற்சிக் கையேடுகள் பலவும் தரும் அறிவுரை; ஆனால் அதை எல்லாவற்றுக்கும் பொருத்திவிடக் கூடாது என்பதைச் சிக்குக் கோலம் உணர்த்துகிறது.

மார்கழி விடியலில் சாணம் தெளித்த வாசலில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து சீராக இழியும் அரிசிமாவு, முதலில் புள்ளிகளாகவும், பின்னர் அப்புள்ளிகளைத் தொடாமல் வளைந்து சுற்றிவரும் இழையாகவும் விழுகிறது. புள்ளிகளின் வரிசை வடிவ ஒழுங்கு. எந்தப் புள்ளியிலும் மோதாமல் இடைவெளியிலேயே ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவந்து மூடிக்கொள்ளும் இழை லயம். இதைச் சாய்கோணத்தில் நின்று எடுத்தால் தொலைவிலுள்ள புள்ளிகள் நெருங்கி, இழையின் சமநடை கெடும். கேமராவின் பின்புறம் தரைக்கு இணையாக இருக்குமாறு நேர்மேலிருந்து எடுத்தால் ஒவ்வொரு வளைவும் தன் அளவைக் காக்கும். அவ்வாறு எடுக்கும்போதும் ஓரங்களைக் கோலத்துக்குள் தள்ளினால் இழை அறுந்துபோகும். அறுந்த இழையில் ஒழுங்கு மிச்சமிருக்கும். மூடிக்கொள்வதன் பொருள் மிச்சமிராது. ஆகவே, எதை வெட்டலாம் என்று முடிவெடுப்பதற்கு முன், திரும்ப வருவதற்கு ஒரு முடிவு உண்டா இல்லையா என்பதை ஒளிப்படக்காரர் தெரிந்துகொண்டாக வேண்டும்.

ஒளியும் நுண்மையும்

உச்சிவெயிலில் தட்டையாகத் தெரியும் அதே மாவிழை, காலைக் கதிர் பக்கவாட்டில் படிந்து வரும்போது ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் மெல்லிய நிழலுமாகப் புடைத்து நிற்கிறது. பரப்பைத் தடவிச் செல்லும் இத்தகைய சாய்ந்த ஒளியே மணல் மேட்டின் அலைவரிகளையும், பாயின் பின்னலையும், காரைச் சுவரின் சொரசொரப்பையும் ஒழுங்குகளாக எழுப்பிக் காட்டுகிறது. உப்பளத்துப் பாத்திகளில் காலை எட்டு மணிக்கு இருக்கும் வரப்பு நிழல் நண்பகலில் இருப்பதில்லை. அதனோடு அந்தக் காட்சியின் லயமும் போய்விடுகிறது. லயத்துக்கு ஒரு நேரம் உண்டு என்பது உவமையன்று. சூரியனின் உயரத்தைப் பொறுத்த கணக்கு அது.

ஒழுங்கு எல்லா அளவுகளிலும் மறைந்திருக்கிறது என்பதை நிறுவியவர் பெர்லினில் கலை மாணவர்களுக்குக் கற்பித்த கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட். தாவரங்களின் தண்டு, மொட்டு, சுருள் இலை ஆகியவற்றை எளிய பின்புலத்தில் வைத்துப் பன்மடங்கு பெருக்கி எடுத்த அவருடைய படங்கள் 1928-இல் 120 தட்டுகளைக் கொண்ட நூலாக வெளிவந்தன. விரியாத பெரணிக் குருத்தின் சுருளில், ஒவ்வொரு சிற்றிலையும் முந்தையதைப் போலவே இருக்கிறது; ஆனால் முந்தையதைவிடச் சிறிதாக இருக்கிறது. ஒன்றையொன்று முழுதும் ஒத்த உருவங்கள் சம இடைவெளியில் வருவதை ஒத்த லயம் என்றும், இரு வகை உருவங்கள் மாறி மாறி வருவதை மாற்று லயம் என்றும் கொண்டால், இப்படிப் படிப்படியாகத் தேய்வதையோ வளர்வதையோ வளர்லயம் எனலாம். முதலிரண்டு வகைகளைத் தொழிற்சாலைகளும் நகரங்களும் ஏராளமாகத் தருகின்றன. மூன்றாவதை உயிருள்ளவையே அதிகமாகத் தருகின்றன.

மிக நுண்ணிய ஒழுங்குகளைப் படமெடுப்பதில் ஒரு தொழில்நுட்ப இடரும் உண்டு. டிஜிட்டல் கேமராவின் சென்சார், ஒளியை உணரும் நுண்புள்ளிகள் கட்டம் கட்டமாக அடுக்கப்பட்ட ஒரு பரப்பு; அப்புள்ளிகளின் மேல், பெரும்பாலும் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வகுத்த முறையில், சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் ஒழுங்குற அமைந்திருக்கின்றன. நெருக்கமான பாவும் ஊடையும் கொண்ட துணியின் ஒழுங்கு இந்தச் சென்சாரின் ஒழுங்கோடு மோதும்போது, துணியிலும் இல்லாத, சென்சாரிலும் இல்லாத மூன்றாவது ஒழுங்கொன்று வானவில் அலைகளாகப் படத்தில் நெளியும். இதனை மோயரே என்பர். ஓர் அடி முன்னோ பின்னோ நகர்வதும், கோணத்தைச் சற்றுத் திருப்புவதும் பெரும்பாலும் இதனைத் தீர்த்துவிடும். இரண்டு ஒழுங்குகள் சந்திக்கும்போது அவற்றின் இடைவெளிகளே விளைவை முடிவு செய்கின்றன என்பதை இந்தப் பிழையும் ஒப்புக்கொள்கிறது.

முறிவு

முழுதும் ஒத்த ஒழுங்கு கண்ணைக் கூப்பிடுகிறது, ஆனால் இருத்தி வைப்பதில்லை. அடுத்து வருவது இன்னதென்று தெரிந்துவிட்டால் பார்வைக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே தேர்ந்த ஒளிப்படக்காரர்கள் ஒழுங்கை முழுமையாக எழுப்பிவிட்டு, ஓரிடத்தில் அதை முறிக்கிறார்கள். பால் ஸ்ட்ராண்ட் 1915-இல் நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டில் எடுத்த படத்தில், ஒரு வங்கிக் கட்டடத்தின் மாபெரும் இருண்ட செவ்வக மாடங்கள் சம இடைவெளியில் வரிசையாக நிற்க, அவற்றின் கீழே மனிதர்கள் நீண்ட நிழல்களை இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். மேலே ஒத்த லயம்; கீழே, ஒருவருக்கொருவர் ஒரே இடைவெளியைக் காக்காத மனித நடையின் லயம். இரண்டையும் ஒரே சட்டகத்தில் வைத்ததால்தான் கட்டடம் கனக்கிறது.

ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1932-இல் தென் பிரான்சின் இயேர் நகரில் எடுத்த படம் முறிவின் மற்றொரு முகம். மேலிருந்து பார்க்கையில் இரும்புக் கைப்பிடியோடு வளைந்திறங்கும் படிக்கட்டு, அதன் வளைவைத் தொடர்ந்து வளையும் நடைபாதை ஓரம், அவ்வளைவு திறந்துவிடும் தெருவில் வேகத்தால் கலங்கித் தெரியும் ஒரு சைக்கிள்காரர். படிகளும் கம்பிகளும் கூர்மையாக இருக்க, அவர் மட்டும் கலங்கியிருக்கிறார். அவை எல்லாம் நிற்க, அவர் மட்டும் போகிறார். அவர் இல்லாமல் அது ஓர் அழகான படிக்கட்டின் படம். ஒரு கணம் முந்தியிருந்தாலோ பிந்தியிருந்தாலோ அவர் கம்பிகளுக்குப் பின்னால் மறைந்திருப்பார், அல்லது சட்டகத்தைவிட்டு வெளியேறியிருப்பார். வடிவ ஒழுங்கு காத்திருக்கக்கூடியது, லயம் காத்திருக்காது. ஆகவே ஒழுங்கைக் கண்டுபிடித்தவுடன் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல், அதன் இடைவெளியில் வந்து விழப்போகும் உயிருக்காக நின்று காத்திருப்பது இக்கலையின் பாதி உழைப்பு.

மனிதர் ஒழுங்காகும்போது

இங்கே ஒரு பொறுப்பும் எழுகிறது. நாற்று நடும் பெண்களின் வரிசையும், பள்ளிப் பிள்ளைகளின் அணியும், திருவிழாக் கூட்டத்தின் தலைகளும் தொலைவிலிருந்து நோக்கினால் சிறந்த வடிவ ஒழுங்குகள்; ஆனால் அவர்கள் தூண்களல்லர். பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தை செபாஸ்தியோ சல்காதோ 1986-இல் எடுத்த படங்கள் இந்த வேறுபாட்டை மறவாமைக்குச் சான்று. சேறு படிந்த பெருங்குழியின் சரிவுகளிலும் ஏணிகளிலும் மூட்டை சுமந்து ஏறும் ஆயிரக்கணக்கானோர், அகன்ற காட்சியில் உருவங்களாகக் கரைந்து ஒரே பரப்பாகத் தெரிகிறார்கள். அந்த ஒரு காட்சியோடு அவர் திரும்பியிருந்தால், உழைப்பு ஓர் அலங்காரமாகியிருக்கும். அவர் குழிக்குள் இறங்கி, சேறு பூசிய முதுகுகளையும் தோள்களையும் முகங்களையும், காவலரின் துப்பாக்கிக் குழலை நேருக்கு நேர் பற்றி நிற்கும் ஒரு தொழிலாளியையும் எடுத்தார். தொலைவுக் காட்சி எண்ணிக்கையைச் சொல்கிறது. அண்மைக் காட்சி அந்த எண்ணிக்கையில் ஒவ்வொன்றும் ஒருவர் என்பதைச் சொல்கிறது. மனிதர்களை ஒழுங்காகப் பார்க்க நேரும் ஒளிப்படக்காரர், அவர்களுள் ஒருவரையேனும் ஒழுங்கிலிருந்து விடுவித்துக் காட்டாமல் கேமராவை மூடக் கூடாது.

மறுபடியும் அந்தச் சன்னல்

நெகட்டிவ்வில் ஒளிபட்ட இடம் இருளும், ஒளிபடாத இடம் வெளிறும். லேக்காக் ஆபியின் சன்னலில் வெயிலை உள்ளே விட்ட கண்ணாடிச் சில்லுகள் டால்பட்டின் தாளில் இருண்டு போயின. அவற்றைப் பிரித்து நின்ற மெல்லிய சட்டங்களே, ஒளியை மறைத்த அந்தக் கோடுகளே, வெளிறிய வலையாக எஞ்சின. எண்ணியவர் எண்ணியது சில்லுகளை. எண்ண முடிந்தது அவற்றுக்கு நடுவே இருந்த கோடுகளால். ஒளிப்படம் எஞ்சியிருக்கும் தன் முதல் தாளிலேயே இடைவெளியை ஒளியாக்கிக் காட்டிவிட்டது. கேமராவைக் கையிலெடுக்கும் ஒவ்வொருவரும் திரும்ப வருவதை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் இருப்பதையும் ஒரு முறை கூர்ந்து பார்ப்பார்களாயின், அந்தச் சிறு தாள் கற்பித்த பாடம் வீண்போகாது.